நீலப் பொட்டு வைத்த மாடுகள்

பிப்ரவரி 4
கப்பலில் இரண்டாம் நாள்

அக்கா,

கரைக்கும் கப்பலுக்கும் நடுவே இருந்த பாலத்தை எடுக்கும் வரை மேல்தளத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீ வரவில்லை. உன் மாட்டுப் பட்டியிலிருந்து துறைமுகம் கால் மணி நேரம்தான். போகட்டும், சண்டையைத் தொடர இதை எழுதவில்லை. என்னுடனேயே பட்டியில் வேலைக்குச் சேர் என்று நீ சொன்னாய்; நான் கப்பல் மருத்துவர் வேலையை எடுத்துக்கொண்டேன். ஒன்றரை மாதம் நீ பேசாமல் இருந்ததில் அம்மாதான் இளைத்துப் போனாள்.

இங்கே கைபேசி வேலை செய்யாது. மாலை ஆறு மணிக்கு ஒரே ஒரு முறை எல்லோருடைய கடிதங்களும் கப்பல் கணினியிலிருந்து மொத்தமாகப் போகும். வருவதும் அப்போதுதான்.

நீ அனுப்பிய மாடுகளை நீ கரையில் மட்டும்தான் பார்த்திருக்கிறாய். ஏழாயிரத்து நானூறு என்பது கரையில் ஓர் எண். இங்கே அது ஓர் ஊர். ஒன்பது தளங்கள், சுவர் கிடையாது, கம்பிகள் மட்டும். காலையில் நடைபாதையில் நான் நடந்தால் இருபுறமும் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்புகின்றன. நான் கடந்த பிறகும் கொஞ்ச நேரம் திரும்பிக்கொண்டே இருக்கின்றன. தீவனம் போட்டதும் ஒரு சத்தம் எழும், ஏழாயிரம் பேர் ஒரே நேரத்தில் காகிதத்தைக் கசக்குவதைப் போல. நாளொன்றுக்கு மூன்று லட்சம் லிட்டர் குடிக்கின்றன. அத்தனையும் கடலிலிருந்து உப்பைப் பிரித்து எடுத்த தண்ணீர். கடலைக் குடித்துக்கொண்டே கடலைக் கடக்கிறோம்.

கேப்டன் ஒன்று சொன்னார். "மாடுங்க எல்லாம் படுத்துட்டா மேல நிக்கிற எனக்குத் தெரிஞ்சிடும் டாக்டரம்மா. கப்பல் சமாதானமாயிடும்." கேலி செய்கிறார் என்று நினைத்தேன். நேற்று மதியம் அவர் பக்கத்தில் நின்றிருந்தபோது எனக்கும் தெரிந்தது.

இவ்வளவும் எதற்காகப் போகிறது என்பது எனக்கு மறக்கவில்லை. ஆனால் பார்த்ததைச் சொல்ல உன்னைத் தவிர எனக்கு ஆள் இல்லை.

சுண்டு

*

பிப்ரவரி 6

சுண்டு,

வரவில்லை, ஏனென்றால் நேரமில்லை. உன் கப்பல் கிளம்பிய அன்றே அடுத்த கப்பலுக்கான மாடுகள் நாற்பது லாரிகளில் வந்து இறங்கின. முன்பு மாதத்துக்கு ஒரு கப்பல். இப்போது ஒன்று கிளம்பும்போதே இன்னொன்று வாசலில் நிற்கிறது. முன்பெல்லாம் காளைகளை மட்டும் கேட்டார்கள். காளைகள் தீர்ந்துவிட்டன. அதனால் கிடாரி, பசு எல்லாம் போகிறது. பசு போவதென்றால் அது சினையாக இருக்கக் கூடாது. சினையில்லை என்று சொல்ல ஒரு கை வேண்டும். அந்தக் கை என்னுடையது.

மேலாளர் நேற்று வந்து, "மேடம், அங்க ஊரே கறிக்கு வரிசையில நிக்குது. இந்தத் தடவையும் ஒரு நாளைக்கு எழுநூறு பாத்துடலாமா?" என்றார். "பாத்துடலாம் சார், எனக்கு இன்னும் ரெண்டு கை ஒட்டிக் குடுங்க" என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

தோள் வரை கையுறை, இரும்புக் கூண்டு, உள்ளே கை, சொல், அடுத்தது. சினையில்லை என்றால் நம் பொட்டுக்காரி மாட்டின் முதுகில் நீலச் சாயத்தால் ஒரு பொட்டு வைப்பாள்; சினை என்றால் சிவப்பு. நீலம் கப்பலுக்கு, சிவப்பு வீட்டுக்கு. சான்றிதழின் கீழே என் முத்திரை. பதினோரு வருடமாக என் நீலப் பொட்டு வாங்கிய மாடு ஒன்றுகூட வழியில் கன்று போட்டதில்லை. உன் கப்பலில் அந்த முத்திரையோடுதான் எல்லாப் பசுக்களும் நிற்கின்றன. தலை திரும்புகிறது, காகிதம் கசங்குகிறது என்று எழுதுவதை விட்டுவிட்டுச் சாணத்தைப் பார். இளகினால் தீவனத்தை மாற்று.

மேல்தளத்தில் காற்று அதிகமாம், காதைக் கட்டிக்கொள். நான் சொல்லவில்லை, அம்மா சொல்கிறாள்.

அக்கா

*

பிப்ரவரி 14
பன்னிரண்டாம் நாள்

அக்கா,

இன்று காலை பத்து மணிக்கு ஆறாம் தளத்தில் ஒரு கன்று பிறந்தது.

 முழுக்கச் சொல்லிவிடுகிறேன்.

தலைமை மேய்ப்பரை இங்கே எல்லோரும் மீசை என்றுதான் கூப்பிடுகிறார்கள். முப்பது வருடம் கப்பலிலேயே மாடு மேய்த்தவர். அவர் வந்து, "டாக்டரம்மா, பதினாலாம் கூண்டுல ஒண்ணு வாலைத் தூக்கிக்கிட்டு நிக்குது. வயித்து வலின்னு நினைச்சேன். வயித்து வலிக்கு ரெண்டு கால் முளைக்காதே" என்றார்.

ஓடினேன். அந்தக் கூண்டில் பதினெட்டு மாடுகள். இடம் எவ்வளவு என்று உனக்குத் தெரியும். திரும்பிப் படுக்கலாம், அவ்வளவுதான். ஆனால் நான் போனபோது நடுவில் ஒரு வட்டம் காலியாக இருந்தது. மற்ற பதினேழும் கம்பியோடு கம்பியாக ஒட்டி நின்று அதற்கு இடம் விட்டிருந்தன. யாரும் விரட்டவில்லை. நாங்கள் இழுக்க வேண்டியிருக்கவில்லை. அது தானாகவே வழுக்கிக்கொண்டு வந்து மரத்தூளில் விழுந்தது. தாய் நக்க ஆரம்பித்தது. ஆறாம் தளம் முழுக்க எழுந்து நின்று பார்த்தது. காற்றாடிகளின் இரைச்சலைத் தவிர வேறு சத்தமே இல்லை.

நாற்பது நிமிடத்தில் கன்று எழுந்தது. அக்கா, அலை அதிகமாக இருந்தது. தளம் இடப்பக்கம் சாயும், ஒரு கணம் நிற்கும், வலப்பக்கம் சாயும். அந்தக் கன்று இரண்டு முறை விழுந்தது. மூன்றாம் முறை தளம் சாய்வதற்கு முன்பே காலை அகட்டி வைத்துக்கொண்டது. எனக்கு அது வர ஒரு வாரம் ஆயிற்று. தரை என்றால் ஆடாமல் இருக்கும் என்பதே அதற்குத் தெரியாது. ஆடும் தரையைத்தான் உலகம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது.

பிறகுதான் தாயின் காது வில்லையைத் துடைத்துப் பார்த்தேன். 4417. முதுகில் நீலப் பொட்டு. சான்றிதழில் உன் முத்திரை.

ஒவ்வொரு நாளும் பிறப்பு, இறப்பு இரண்டையும் நாளறிக்கையில் எழுதி அனுப்ப வேண்டும். பிறப்பு என்று எழுதினால் எண்ணைக் கேட்பார்கள். எண் உன்னிடம் வந்து நிற்கும். மாலை அறிக்கையில் பிறப்பு பூஜ்யம் என்று எழுதினேன். கன்றைத் தீவன அறைக்குப் பக்கத்தில் கட்டி வைத்திருக்கிறோம். மீசைதான் கயிற்றை முடிச்சுப் போட்டார். போகும்போது, "பேப்பர்ல இல்லன்னா கன்னுக்குட்டி கத்தாம இருக்குமா?" என்றார்.

ஒரு மாடு தப்புவது யாருக்கும் நடக்கும். அப்படித்தானே?

சுண்டு

*

பிப்ரவரி 15

சுண்டு,

என் கையில் சினை தப்பாது. என் கையைச் சந்தேகப்படுவதற்கு முன் உன் கண்ணைச் சந்தேகப்படு. வில்லை மாறியிருக்கும். சிவப்பு என்று நான் சொன்னதற்கு நீலம் விழுந்திருக்கும். பட்டியில் ஆயிரம் கலாட்டா நடக்கும், உனக்கென்ன தெரியும். இங்கே வந்து வேலை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

பூஜ்யம் போட்டது சரிதான். தெரியாததை எழுதாமல் இருப்பது பொய் ஆகாது.

அம்மாவிடம் கன்றைப் பற்றிச் சொல்லிவிட்டேன். பெயர் வைக்கச் சொல்கிறாள். வைக்காதே.

அக்கா

*

பிப்ரவரி 17
பதினைந்தாம் நாள்

அக்கா,

இப்போது ஐந்து.

4417, 4420, 4452, 4503, 4519. ஐந்தும் நீலப் பொட்டு. உன் பதிவேட்டின் நகல் என்னிடம் இருக்கிறது. ஐந்தும் கப்பலுக்கு இரண்டு மாதம் முன்பே, நவம்பர் 30 அன்று நீ பார்த்தவை. நீ அன்று பார்த்தது எழுநூறு.

நேற்றுப் பிறந்த நான்காவது கன்று, நாங்கள் போய்ச் சேர்வதற்குள் செத்துவிட்டது. அந்தக் கூண்டில் இருபது மாடுகள்; கப்பல் ஆடிய ஆட்டத்தில் இடம் விட அவற்றால் முடியவில்லை. தாய் வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்தது. எழவில்லை. இன்று காலை நான்தான் அதற்கு ஊசி போட்டேன். கண்ணை மூடவே இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டே போயிற்று.

உனக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். முத்திரையைப் பறித்துவிடுவார்கள். அந்த முத்திரையை வாங்க நீ எத்தனை வருடம் என்னென்ன விட்டாய் என்பதும் தெரியும். அதனால்தான் நான்கு நாளாகப் பூஜ்யம் எழுதினேன். என் கையெழுத்து எனக்கே அந்நியமாகத் தெரிகிறது.

ஆனால் கரை சேர இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. மரத்தூள் கனமாகப் போட்டு, நெரிசல் இல்லாமல் வைக்கக்கூடிய கூண்டுகளில் நாற்பது மாடுகளுக்கு இடம் கிடைக்கும். மீசை ஏற்பாடு செய்துவிட்டார். எந்த நாற்பது? எழுநூறையும் கை போட்டுப் பார்க்க எனக்கு நாளும் போதாது, கையும் போதாது. நவம்பர் 30 அன்று என்ன நடந்தது, எப்போது நடந்தது என்று உனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் குற்றம் சொல்லவில்லை. எந்த மாடுகள் என்று மட்டும் சொல்.

சுண்டு

*

பிப்ரவரி 20

சுண்டு,

மூன்று நாளாக எழுதவில்லை. எழுதி எழுதி அழித்தேன்.

4396 முதல் 4659 வரை. நவம்பர் 30, மதிய உணவுக்குப் பிறகு பார்த்தவை. இருநூற்று அறுபத்து நான்கு மாடுகள். முதலில் மீசையைக் கூப்பிட்டு இந்த எண்களைக் கொடு. பிறகு மிச்சத்தைப் படி.

கொடுத்துவிட்டாயா?

என் வலது கை விரல்கள் மரத்துப்போய் இரண்டு வருடம் ஆகிறது. முதலில் கட்டை விரல், அப்புறம் அடுத்த இரண்டு. காலையில் முந்நூறு மாடு வரைக்கும் ஏதோ தெரியும். அதற்கு மேல் பஞ்சு மூட்டைக்குள் கையை விட்ட மாதிரி. இத்தனை வருடம் மாட்டுக்குள் கையை விட்டு மடக்கி மடக்கி மணிக்கட்டில் நரம்பு நசுங்கிவிட்டதாம். டாக்டர் சொன்னார். நம் ஊர் டாக்டர் இல்லை. யாருக்கும் தெரியக் கூடாதென்று பேருந்து ஏறிப் போய்ப் பார்த்தேன். "கொஞ்ச நாள் கைக்கு ஓய்வு குடுங்க" என்றார். "கப்பலுக்கும் அதைச் சொல்லிடுங்க டாக்டர்" என்றேன்.

சந்தேகம் வந்தால் இடது கையைப் போடுவேன். அன்று பிற்பகல் இடது தோளைத் தூக்க முடியவில்லை. கூண்டு திறந்து மூடிக்கொண்டே இருந்தது. நிறுத்துங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. பொட்டுக்காரி சாயத்தோடு என் வாயைப் பார்த்து நிற்கிறாள். "நீலம்" என்றேன். அடுத்தது. "நீலம்." மடியைப் பார்த்தேன், வயிற்றைப் பார்த்தேன், கண்ணால் பார்த்துச் சொன்னேன். தெருவில் போகிற யாரும் அதைச் செய்யலாம். ஒரு மாட்டுக்கு அவள் சாயக் குப்பியை எடுக்காமலேயே நின்று, "அக்கா, கையை உள்ள விட்டு ரெண்டு செகண்டுகூட ஆகலையே" என்றாள். "உன் வேலையைப் பாருடி" என்று கத்தினேன். அவள் குப்பியை எடுத்து நீலம் வைத்தாள்.

நடு மாதங்களில் கருப்பை வயிற்றின் அடிக்கு இறங்கிவிடும், கன்று கைக்கு எட்டாது. உனக்குத் தெரியும். அப்போது கருப்பைக்குப் போகும் ரத்தக் குழாயைப் பிடித்துக் காத்திருக்க வேண்டும். சினை என்றால் அதில் ஓர் இரைச்சல் ஓடும். காதுக்குக் கேட்காது, விரலுக்குத்தான் கேட்கும். அது என் வலது கைக்கு இரண்டு வருடமாகக் கேட்கவில்லை. முத்திரை போய்விடும் என்ற பயம் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் அதை நான் உன்னிடம்கூடச் சொல்லாததற்குக் காரணம் அது மட்டுமில்லை. கேட்காது என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால் இனி கேட்கவே கேட்காது என்று தோன்றியது.

உன்னைப் பட்டியில் சேரச் சொன்னது எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும். உன் கை வேண்டும் என்று கேட்டிருந்தால் நீ வந்திருப்பாய். தெரியும். தங்கையிடம் கையைக் கடன் கேட்க எனக்கு வரவில்லை. "கப்பலாவது கத்தரிக்காயாவது" என்று திட்ட மட்டும் வந்தது.

அறிக்கையில் எழுது. என் பெயரை எழுது. இதற்கு மேல் அதைப் பற்றி என்னிடம் கேட்காதே. அந்த இருநூற்று அறுபத்து நான்கில் நீ கை போடும்போது இரைச்சல் கேட்டால், அது எப்படி இருந்தது என்று மட்டும் எனக்கு எழுது.

அக்கா

*

பிப்ரவரி 23
இருபத்தோராம் நாள்

அக்கா,

முதலில் கணக்கு. இரண்டு நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். முப்பத்தேழு சினை. எல்லாவற்றையும் மரத்தூள் போட்ட கூண்டுகளுக்கு மாற்றியாயிற்று. என் தோள் என்னுடையதாக இல்லை. முழங்கைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். இரண்டு நாளுக்கே இப்படி. நீ பதினோரு வருடம்.

பதினெட்டு மாடுகளில் கன்றே கைக்கு வந்தது. ஒன்றில் குளம்பு, ஒன்றில் மூக்கு. ஒன்று என் விரலைச் சப்பியது. கஷ்டம் மிச்சத்தில்தான். ரத்தக் குழாய் கையில் அகப்பட்டது, ஆனால் ஒன்றும் புரியவில்லை. இந்தக் கப்பலில் எல்லாமே அதிர்கிறது. கம்பி அதிர்கிறது, தளம் அதிர்கிறது, மாடு அதிர்கிறது, என் பல் அதிர்கிறது. எது எஞ்சின், எது மாடு என்று விரலால் பிரிக்க முடியவில்லை. நாற்பது மாடுகள் இப்படிச் சந்தேகத்தில் நின்றன.

கேப்டனிடம் போனேன். "எஞ்சினைக் கொஞ்ச நேரம் நிறுத்த முடியுமா சார்?"

அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ஏழாயிரம் மாட்டை வச்சிக்கிட்டு நடுக்கடல்ல நின்னு நாடி பாக்கணும்ங்கறீங்களா?"

"ஆமா சார்."

"எவ்வளவு நேரம்?"

"முக்கால் மணி."

"முப்பத்தஞ்சு வருஷத்துல புயலுக்கு நின்னிருக்கேன், தீக்கு நின்னிருக்கேன்" என்றார். "மாட்டுக்குள்ள என்ன இருக்குன்னு கேக்கறதுக்கு நின்னதில்ல." பிறகு எஞ்சின் அறையைக் கூப்பிட்டார். ஏதோ ஒரு வடிகட்டியைச் சுத்தம் செய்ய நாளைக்கு எப்படியும் நிறுத்த வேண்டுமாம். அதை இன்றே செய்யச் சொன்னார். கடல் எண்ணெய் ஊற்றிய மாதிரி கிடந்தது. ஒரு மணிக்கு எஞ்சின் நின்றது.

அக்கா, இருபது நாளாக நான் ஒரு சத்தத்துக்குள் இருந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல். அது போனதும் காது பெரிதானது. காற்றாடிகளின் மெல்லிய ஓசை மட்டும் மிச்சம். பிறகு அதற்கும் அடியிலிருந்து வேறொன்று மேலே வந்தது. மூச்சு. ஏழாயிரத்து முந்நூற்றுச் சொச்சம் மாடுகளின் மூச்சு. ஒன்பது தளங்களும் சேர்ந்து உள்ளே இழுத்து வெளியே விடுவது போல இருந்தது. மீசை கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றார். முப்பது வருடத்தில் அவரும் கேட்டதில்லையாம்.

கையை விட்டேன். குழாயைக் கட்டை விரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவில் லேசாகப் பிடித்தேன். முதல் மூன்று மாடுகளில் சாதாரண நாடி, தட்டித் தட்டிப் போயிற்று. நான்காவது 4588.

அது தட்டவில்லை. நீ கேட்டதால் சரியாகச் சொல்லப் பார்க்கிறேன். தட்டுவது நின்றுபோய் ஓடுவது ஆகிவிட்டது. வீட்டில் ஒரு குழாயைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது வேறெங்கோ யாரோ தண்ணீரைத் திறந்தால் கைக்குத் தெரியுமே, அப்படி. ஆனால் உயிரோடு. விரலில் ஆரம்பித்து முழங்கை வரை வந்தது. கொஞ்சம் அழுத்தினால் போய்விடுகிறது, விட்டால் வருகிறது. நான் அதைக் கேட்கவில்லை, அது என்னைக் கேட்டுக்கொண்டிருந்தது போல இருந்தது. கையை எடுக்க மனம் வரவில்லை. அந்த மாட்டின் முதுகில் உன் நீலப் பொட்டு பாதி அழிந்து கிடந்தது. அதன் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றேன். என்ன அழுகை என்று எனக்கே தெரியவில்லை.

"என்ன டாக்டரம்மா, இருக்கா?" என்றார் மீசை.

"இருக்கு."

"அப்ப எதுக்கு அழுவுறீங்க? அடுத்ததப் பாருங்க, எஞ்சினைப் போட்டுடப் போறாங்க."

நாற்பதில் பத்தொன்பதில் கேட்டது. கன்று எதுவும் கைக்கு எட்டாத பத்தொன்பது. விரல் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது. எஞ்சின் மறுபடி ஓடியபோது எனக்கு ஏதோ ஒன்றைத் தூக்கிக் கடலில் போட்ட மாதிரி இருந்தது.

மாலை ஆறு மணிக்கு அறிக்கை அனுப்பினேன். பிறந்த கன்றுகள் எட்டு, உயிரோடு இருப்பவை ஆறு. எண்கள், தேதி, உன் பெயர். 14-ஆம் தேதி முதல் ஒன்பது நாள் நான் எழுதிய பூஜ்யங்கள் பொய் என்றும் எழுதி, கீழே என் பெயரைப் போட்டேன். உன் கையைப் பற்றி எழுதவில்லை. அதைச் சொல்ல வேண்டியது நீ.

சுண்டு

*

பிப்ரவரி 27
துறைமுகம்

அக்கா,

கரையில் இருக்கிறேன். தரை ஆடவில்லை, அதனால் தள்ளாடுகிறேன்.

இவ்வளவு லாரிகளை நான் ஒரே இடத்தில் பார்த்ததில்லை. வளைவுக்கு வளைவு, கண் போகும் தூரம் வரை. ஒவ்வொன்றும் பின்பக்கத்தைத் திறந்துகொண்டு காத்திருக்கிறது. நேற்றுக் காலை எட்டு மணிக்கு இறக்க ஆரம்பித்தார்கள்; இன்று காலை எட்டு மணிக்கு ஒன்பது தளமும் காலி. ஓர் ஊர் நடந்து போய் இன்னோர் ஊருக்குள் கரைந்துவிட்டது. துறைமுகத்துக்குப் பின்னால் கட்டடங்கள் மலை மாதிரி எழுந்து நிற்கின்றன; ஒவ்வொரு சன்னலுக்குப் பின்னாலும் ஓர் அடுப்பு. அத்தனை அடுப்புகளையும் நினைத்துப் பார்த்தபோது எனக்குத் தலை சுற்றியது. கடலைப் பார்த்துக்கூட அப்படிச் சுற்றியதில்லை.

கடைசி மூன்று நாளில் இன்னும் மூன்று கன்றுகள் பிறந்தன. இங்கே சினை மாட்டை அறுப்பது குற்றம். நம் அறிக்கை வந்திருந்ததால் சினையாக மிச்சமிருந்த முப்பத்து நான்கையும், கன்று போட்டவற்றையும் தனியாகப் பிரித்து ஒரு பண்ணைக்கு அனுப்பினார்கள். கன்றுகள்தான் சிக்கல். பட்டியலில் இல்லாதது இறங்கக் கூடாது. துறைமுகக் கால்நடை மருத்துவர் என் வயதை ஒத்த பெண். இரண்டு மணி நேரம் தொலைபேசியிலேயே நின்று, யார் யாரிடமோ திட்டு வாங்கி, கடைசியில் ஒன்பது கன்றுகளையும் தாய்களோடு ஏற்றினாள். எத்தனை நாளுக்கு என்று நான் கேட்கவில்லை. 

நம் மொழி அவளுக்குத் தெரியாது. அவள் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன். "என் சின்ன வயசுல எங்க வீட்ல அவிச்ச முட்டையை நூலால நாலா அறுப்பாங்க. எனக்குக் கால் முட்டை. இப்ப என் பொண்ணு கறி இல்லன்னா தட்டைத் தள்ளி விடறா. நான் அவளைத் திட்டணுமா, சந்தோஷப்படணுமா, நீயே சொல்லு."  கன்றுகளை ஏற்றிய லாரி போகும்வரை இருவரும் நின்று பார்த்தோம்.

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. என்ன சொன்னார்கள்?

சுண்டு

*

மார்ச் 3

சுண்டு,

4588-ஐப் பற்றி நீ எழுதியதை இத்தனை நாளும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். அம்மாவுக்கும் ஒருமுறை வாசித்துக் காட்டினேன். பாதியில் அவள் என் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் கையைப் பற்றி அவளிடம் சொன்னேன்.

24-ஆம் தேதி காலை என்னைக் கூப்பிட்டார்கள். மேலாளர், தலைமை அலுவலகத்திலிருந்து இருவர். முத்திரையைக் கையோடு எடுத்துப் போயிருந்தேன். கேட்கும் முன்பே கையைப் பற்றிச் சொன்னேன். எழுதிக்கொண்டும் போயிருந்தேன். ஒருவர் படித்தார், அடுத்தவரிடம் கொடுத்தார். பறிப்பார்கள் என்று காத்திருந்தேன்.

பறிக்கவில்லை, சுண்டு.

மேலாளர் தண்ணீர் கொடுத்தார். "மேடம், நீங்க கையைப் போடவே வேணாம். ரெண்டு சின்னப் பொண்ணுங்கள எடுத்திருக்கோம், போன மாசம் படிச்சு முடிச்சவங்க. அவங்க கையை விடட்டும். நீங்க பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்து முத்திரையை மட்டும் வைங்க. உங்க முத்திரைன்னா அங்க மறு பேச்சு கிடையாது. ஆறு கப்பல் வரிசையில இருக்கு" என்றார். நடந்தது நடந்துவிட்டதாம், கடலில் இதெல்லாம் சகஜமாம். உன் அறிக்கைக்குப் பதிலாக உனக்கும் ஓர் எச்சரிக்கைக் கடிதம் மட்டும் வரும்.

இரண்டு வருடமாக எதற்குப் பயந்தேனோ அது இல்லவே இல்லை. அவர்களுக்கு என் கை வேண்டியதில்லை, பெயர் போதும். அந்தப் பசிக்கு முன்னால் நான் ஒரு தப்பாகக்கூட எண்ணப்படவில்லை. கோபம் வரவில்லை. ரொம்ப உயரமான ஒன்றின் அடியில் நிற்கிற மாதிரி இருந்தது, மேலே பார்த்தால் முடிவு தெரியாது.

முத்திரையை மேசை மேல் வைத்தேன். "அந்தப் பொண்ணுங்க நூறு நூறா பாக்கட்டும். அவங்க பேர்ல அவங்க முத்திரை வைக்கட்டும். எத்தனை நாள் ஆனாலும் ஆகட்டும்" என்றேன்.

"கப்பல் நிக்குமே மேடம்!"

"நிக்கட்டும் சார்."

எழுந்து வந்துவிட்டேன். பொட்டுக்காரி கதவுக்கு வெளியே நின்றிருந்தாள். "என்ன நிறம்க்கா?" என்று கேட்டாள். கழுதை. இரண்டு வருடத்துக்குப் பிறகு அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தேன்.

இப்போது அந்தப் பெண்கள் இருவரும் ஒரு நாளைக்கு நூற்றிருபது பார்க்கிறார்களாம். அதற்கு மேல் மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். யார் சொல்லிக் கொடுத்தது என்று மேலாளர் தேடுகிறார். எனக்கு அடுத்த மாதம் மணிக்கட்டில் அறுவை. உணர்வு திரும்புமா என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. வேலை என்ன ஆகும் என்று எனக்கும் தெரியாது. நீ திரும்பி வந்த பிறகு அதைப் பற்றிச் சண்டை போடலாம்.

இன்று காலை நடந்தே துறைமுகத்துக்குப் போனேன். உன்னை அனுப்ப வராத அதே இடத்துக்கு. கல் போட்ட கரை கடலுக்குள் போகிறதே, அதன் நுனிவரை போனேன். அடுத்த கப்பல் வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறது, மாடு ஏறாமல், ஏழு நாளாக. காலிக் கப்பல் இவ்வளவு உயரமாக மிதக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒன்பது தளத்துக் கம்பிகளுக்கும் நடுவே வெறும் வானம் தெரிந்தது. காலை வெயில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வந்தது. அந்தப் பக்கம் பறந்த ஒரு பறவையைக் கப்பலுக்கு ஊடாகவே பார்த்தேன். ஒரு மலையையே நிறுத்தி வைத்த மாதிரி இருந்தது. பயமாக இருந்தது. இவ்வளவு பெரிதா, இதுவா நம் கைக்காகக் காத்திருக்கிறது என்று நெடுநேரம் நின்றேன்.

பிறகு வெயில் ஏறியது. அம்மா தேடுவாள் என்று வந்துவிட்டேன்.

அக்கா